நம்ம தெருவுக்கு இன்னா கலரு?

கால்வாய்க் கரையில் இருக்கிற ஒரு குடியிருப்பு. பெயர் வேண்டாம். பெயர் போட்டால் நாளைக்கே எவனாவது அளவு டேப்போடு போய் நிற்பான். அங்கே சாயங்காலத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற தோழர் ஒருவர், நகரத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டு போயிருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். தெருவிலேயே விரித்துப் போட்டு நாலு மூலைக்கும் செங்கல் வைத்தோம். மஞ்சள் என்றால் குடியிருப்பு, பச்சை என்றால் திறந்தவெளி, நீலம் என்றால் தண்ணீர் என்று தோழர் விளக்கினார். பிள்ளைகள் விரல் வைத்துத் தேடினார்கள். ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்தார்கள். எதிர்க்கரையில் இருக்கிற அடுக்குமாடிகளைக் கண்டுபிடித்தார்கள், அது மஞ்சள். அவர்கள் தெரு இருக்க வேண்டிய இடத்தில் நீலக்கோடு ஒன்றும், அதையொட்டிக் கொஞ்சம் பச்சையும்தான் இருந்தது.

மீன் ஆய்ந்து கொண்டிருந்த ஆயா ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "நம்ம தெருவுக்கு இன்னா கலரு?"

யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை. அவரே சொன்னார்: "அப்ப நாப்பது வருசமா நான் தண்ணி மேலயா குந்திக்கினு கீறேன்?"

நகரத் திட்டமிடல், நில உபயோகம், மக்கள் பங்கேற்பு என்றெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகளில் பேசப்படுகிற விசயம் இந்த ஆயாவின் கேள்வியில்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

ஆட்சேபணை யாருக்கு, ஆட்சேபணை யார் மேல்?

இன்றைக்கு எல்லோரும் 'மக்கள் பங்கேற்பு' பேசுகிறார்கள். உலக வங்கி பேசுகிறது. அமைச்சர்கள் பேசுகிறார்கள். அடுக்குமாடி கட்டி விற்கிறவனும் பேசுகிறான். இத்தனை பேர் வாயில் ஒரே வார்த்தை வருகிறது என்றால் அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இதில் 'மக்கள்' என்பவர் யார்?

1971இல் தமிழ்நாட்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, நகர் ஊரமைப்புச் சட்டம். மற்றொன்று, குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம். ஒரே வருசம், ஒரே சட்டமன்றம். ஆனால் இரண்டும் இரண்டு விதமான மனிதர்களை உருவாக்கின.

முதல் சட்டம் சொல்கிறது: ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் - அதாவது மாஸ்டர் பிளான் - தயாரித்தால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அதற்கு ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். சட்டத்தின் எழுத்தில் பட்டா வைத்திருப்பவன்தான் எழுத வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இதை நம் பிள்ளைகள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நடைமுறை என்ன? நம் சனம் யாரும் அரசிதழ் வாங்குவதில்லை. வரைபடத்தில் தன் இடத்தைக் கண்டுபிடிக்க சர்வே எண் வேண்டும். சர்வே எண் தெரிய பட்டா வேண்டும். 'தளப்பரப்புக் குறியீடு' என்றால் என்னவென்று தெரிய ஒரு பொறியாளர் வேண்டும். இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல் இதற்கு அலையச் சோறு வேண்டும். ஆக, ஆட்சேபணை எழுதுகிற 'பொதுமக்கள்' யார் என்பது திட்டம் வெளியாகும் முன்பே முடிவாகிவிடுகிறது: நிலம் உள்ளவன், நிலத்தை விற்கிறவன், அவனுடைய வக்கீல், அப்புறம் நாலு நலச்சங்கம்.

நம் கதை வேறு மாதிரி. நாம் குடியிருக்கிற நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்திருக்கிற பெயர் புறம்போக்கு. அதிலும் இரண்டு வகை உண்டு: ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபணையுள்ள புறம்போக்கு. ஆற்றங்கரை, கால்வாய்க் கரை, ஏரிக்கரை எல்லாம் இரண்டாவது வகை. கவனியுங்கள் தோழர்களே, அதே வார்த்தைதான். அவர்களுக்கு ஆட்சேபணை என்பது ஓர் உரிமை. நமக்கு ஆட்சேபணை என்பது நம் இருப்பின் மேலேயே குத்தப்பட்ட முத்திரை. அவர்கள் ஆட்சேபிக்கிறவர்கள். நாம் ஆட்சேபிக்கப்படுகிறவர்கள். இப்படி இருவரையும் வைத்துவிட்டு 'எல்லோரும் வாங்க, பங்கேற்கலாம்' என்றால் என்ன அர்த்தம்?

இரண்டாவது சட்டத்துக்கு வருவோம். குடிசைப் பகுதி என்று அரசு முறைப்படி அறிவித்துவிட்டால் அங்கே குடிநீர், கழிப்பறை, பாதை செய்து தர வேண்டிய கடமை வருகிறது. இடிப்பதென்றாலும் அறிவிப்பு, விசாரணை என்று ஒரு முறை வருகிறது. 1971இல் சென்னையில் 1202 பகுதிகள் இப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17. அதோடு அறிவிப்பது நின்று போனது. நகரம் நாலு பக்கமும் வீங்கியது. கட்டட வேலைக்கும் குப்பை அள்ளவும் வீட்டு வேலைக்கும் சனம் வந்துகொண்டே இருந்தது. கரையோரங்களில் நூற்றுக்கணக்கான குடியிருப்புகள் உருவாயின. அரசின் பதிவேட்டில் மட்டும் அவை பிறக்கவே இல்லை. பிறக்காதவனுக்குப் பங்கேற்பு ஏது?

பேனா யார் கையில்?

சரி, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்காகக் கேட்கத்தானே கவுன்சிலர் இருக்கிறார் என்று சொல்வார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. முதல் முழுமைத் திட்டம் 1976இல் வந்தது. மன்றத்துக்கு மறுபடியும் தேர்தல் நடந்தது 1996இல். அதாவது, நகரத்தின் தலையெழுத்தை எழுதிய முதல் திட்டம் வந்தபோது நகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. இரண்டாவது திட்டம் 2008இல் ஒப்புதல் பெற்றது; 2026 வரைக்குமானது. அப்போது மன்றம் இருந்தது. ஆனால் திட்டத்தை எழுதியது மன்றம் இல்லை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் - சி.எம்.டி.ஏ. அப்புறம் 2016இல் மன்றத்தின் காலம் முடிந்து, 2022 வரை தேர்தலே நடத்தவில்லை. 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் ஆயிரமாயிரம் குடும்பங்களை லாரியில் ஏற்றியது சரியாக இந்த ஆறு வருசத்தில்தான். வீடு போகிறவன் ஓடிப் போய் நிற்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. இது தற்செயலா?

1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பெருநகரங்களுக்கு ஒரு திட்டக் குழு வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முப்பது வருசத்துக்கும் மேலாகிவிட்டது. சென்னையில் திட்டம் எழுதுகிற பேனா இடம் மாறவில்லை.

2022இல் சென்னை மேயர் பதவி தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டது. வடசென்னையைச் சேர்ந்த ஓர் இளம் தலித் பெண், ஆர். பிரியா, ரிப்பன் மாளிகையில் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். நமக்கு அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நிலத்துக்கு நிறம் தீட்டுகிற பேனா ரிப்பன் மாளிகையில் இல்லை. அது எழும்பூரில், தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1939இல் முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிரைக் கொடுத்த நடராசன் சென்னை நகரத்து தலித் இளைஞன். அவன் பெயரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிற கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான், அவன் சனம் இருக்கிற தெருவுக்கு நீலம் பூசுகிறார்கள். கூவம் கரையில் இன்னொரு பெயர் இருந்தது: சத்தியவாணி முத்து நகர். 1967இல் அண்ணா அமைச்சரவையில் இருந்த தலித் பெண் தலைவர் அவர். அவர் பெயர் தாங்கிய அந்தக் குடியிருப்பை இடித்து, அங்கிருந்த சனத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெயர் வைப்பார்கள், சிலை வைப்பார்கள். நம்மை மட்டும் இருக்க விடமாட்டார்கள்.

ஏரியைத் தின்றது யார்?

'ஆக்கிரமிப்பு' என்கிற வார்த்தையைப் பார்ப்போம். நீர்நிலையை ஆக்கிரமித்தவர்கள், வெள்ளத்துக்குக் காரணமானவர்கள் என்று நம் சனத்தைத்தான் பேப்பரும் டி.வி.யும் காட்டுகின்றன.

மாம்பலம் ஏரியை வற்ற வைத்து 1920களில் உருவாக்கியதுதான் தியாகராய நகர். இன்றைக்கும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக்தான் இல்லை. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. முகப்பேரிலும் அம்பத்தூரிலும் வீட்டு வசதி வாரியம் போட்ட மனைகளுக்கு அரசே வைத்த பெயர் 'ஏரித் திட்டம்'. ஒளிவுமறைவே இல்லை. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டார்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, அப்புறம் மயிலாப்பூர், அப்புறம் வேளச்சேரி. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே போகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் மாநகராட்சி பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது. பழைய மகாபலிபுரம் சாலையின் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எந்தத் தண்ணீர் போகிற வழியில் நிற்கின்றன என்பது ஒவ்வொரு நவம்பரிலும் தெரிகிறது.

இதில் எதையும் யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. ஏன்? அதற்கெல்லாம் திட்டம் இருக்கிறது. வரைபடத்தில் நிறம் இருக்கிறது. நிறம் இல்லையென்றால் 'நில உபயோக மாற்றம்' என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அவன் ஏரிக்குள் வந்தால் அது வளர்ச்சி. நாம் கரையில் ஒதுங்கினால் அது குற்றம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தண்ணீர் இல்லை, சாதி. பட்டா யாரிடம் உண்டு, யாரிடம் இல்லை என்கிற கணக்கு நேற்று ஆரம்பித்ததா என்ன?

இதைவிடக் கொடுமை அடுத்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கரையிலிருந்து தூக்கிய சனத்தை எங்கே கொண்டு போய் வைத்தார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல் வீடுகள். கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேல். பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிய தாழ்நிலம் அது. 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மூழ்கின. தண்ணீரிலிருந்து எடுத்துத் தண்ணீரிலேயே வைத்தார்கள். நடுவில் போனது வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சொந்தபந்தம். விடியற்காலை நாலு மணிக்குத் தெரு கூட்ட வர வேண்டிய அக்கா இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எந்த பஸ்ஸில் வருவார்? ஒவ்வொரு கட்டடத்துக்கும் எத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று இலக்கம் போட்டுச் சொல்கிற நகரத் திட்டம், இந்த நகரத்தைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் எங்கே படுப்பார்கள் என்று ஒரு வரி சொன்னதுண்டா?

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை நார் நாராகக் கிழித்தார். கிராமம் நமக்குச் சிறை. நகரத்தில் பெயர் தெரியாத மனிதனாக நடமாடலாம், டீக்கடையில் ஒரே கிளாஸில் குடிக்கலாம் என்று நம் முன்னோர் ரயிலேறி வந்தார்கள். ஊருக்கு வெளியே பள்ளத்தில் இருந்த சேரி, நகரத்தில் கால்வாய்க் கரைக்கு வந்தது. அங்கேயும் விடாமல் அரசே முன்னின்று நகரத்துக்கு வெளியே பள்ளத்தில் எட்டு மாடியில் மூன்றாவது சேரியைக் கட்டியது. 'கண்ணகி நகரா?' என்று கேட்டுவிட்டு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புகிறவன், அந்தக் காலத்தில் 'எந்தத் தெரு?' என்று கேட்டவனின் பேரன்தான்.

தீ வைத்துக்கொண்டால்தான் கேட்குமா?

நீதிமன்றங்கள் என்ன சொல்லின? 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்சநீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது. கேட்காமல் கொள்ளாமல் அகற்றக் கூடாது என்றது. மழைக்காலம் முடியும் வரை தொடாதே என்றது. சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் சந்துரு போட்ட வழக்கும் அதே காலத்தில் தீர்ப்பானது. பதினைந்தே வருசம். 2000த்தில் டெல்லிக் குப்பை பற்றிய வழக்கில் அதே உச்சநீதிமன்றம், ஆக்கிரமித்தவனுக்கு மாற்றிடம் கொடுப்பது ஜேப்படித் திருடனுக்குப் பரிசு கொடுப்பது மாதிரி என்று எழுதியது. உயிர் வாழ்கிறவன் திருடனான கதை இதுதான். இடையில் வந்தது புதிய பொருளாதாரக் கொள்கை. நிலத்தின் விலை ஏற ஏற, நீதியின் மொழியும் மாறியது.

2022 மே மாதம். சென்னை இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். பக்கிங்காம் கால்வாய்க் கரை. நீதிமன்ற உத்தரவின்பேரில் புல்டோசர் வந்தது. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் எல்லோர் கண்ணெதிரிலும் தீ வைத்துக்கொண்டு செத்தார். அதற்குப் பிறகு சட்டமன்றத்தில் முதலமைச்சர் எழுந்து, இனிமேல் இடம் மாற்றும் முன் மக்களைக் கலந்து பேசுவோம், அந்தச் சனத்துக்கு அருகிலேயே வீடு தருவோம் என்று அறிவித்தார். நல்லது. ஆனால் நாம் கேட்கிறோம்: இரண்டு மாத அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் கருத்துக் கேட்கிற சட்டம் 1971லேயே இருக்கிறது. நம்மிடம் கருத்துக் கேட்க மட்டும் ஐம்பது வருசம் கழித்து ஒரு பிணம் தேவைப்பட்டதே, ஏன்?

மாற்று வழியே இல்லையா என்றால் உண்டு. 1977இல் சென்னை நகர வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று நடந்தது. உலக வங்கிப் பணம். உலக வங்கிக்கு நாம் பாட்டுப் பாடப் போவதில்லை. ஆனால் அதில் பல குடிசைப் பகுதிகளை இடிக்காமல், இருந்த இடத்திலேயே பாதை, குழாய், கழிப்பறை போட்டு, நிலத்துக்கு உரிமையும் கொடுத்தார்கள். இருந்த இடத்திலேயே இருத்த முடியும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. ஒடிசாவில் 2017இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமைச் சட்டம் வந்தது. ட்ரோன் வைத்துப் படம் எடுத்து, குடியிருப்போர் சங்கத்தாரையே கூட வைத்துக்கொண்டு வீடு வீடாக அளந்து, ஏழைக் குடும்பத்துக்கு 30 சதுர மீட்டர் வரை இலவசமாக உரிமை கொடுக்கிறார்கள். அங்கேயும் குறை இருக்கும். ஆனால் அங்கே அளக்கிறவன் இடிக்க வரவில்லை. அதுதான் வித்தியாசம்.

நம் பக்கத்துக் குறை

எதிரியைத் திட்டுவது சுலபம். நம்மைப் பற்றியும் பேசுவோம்.

நிலம் என்றாலே நம் இயக்கங்களுக்குப் பஞ்சமி நிலம்தான் நினைவுக்கு வருகிறது. சரிதான். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால் 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. அதை மீட்கப் போய் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அந்த ரத்தத்தை மறக்க முடியாது. ஆனால் நகரத்துக் குடிசை என்று வந்தால் நம் அரசியல் என்னவாக இருக்கிறது? இடிக்கிற அன்றைக்கு ஓடுகிறோம். சாலை மறியல், கைது, கல்யாண மண்டபம். மறுநாள் சோற்றுப் பொட்டலம். அப்புறம் 'நல்ல இடமாப் பார்த்துக் குடுங்க' என்று ஒரு மனு. இடிப்பு முடிவானது புல்டோசர் வந்த அன்றைக்கு இல்லை. பத்து வருசம் முன்னால் ஒரு வரைபடத்தில் நிறம் தீட்டிய அன்றைக்கு. அன்றைக்கு நாம் அங்கே இல்லை. நிலப் போராட்டம் கிராமத்தில், நிவாரணப் போராட்டம் நகரத்தில் என்று நாமே பிரித்து வைத்துவிட்டோம்.

இப்போது அந்தப் பிரிவினையும் செல்லாது. 1189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லை 2022இல் 5904 சதுர கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம் வரை. மீஞ்சூர், திருமழிசை, மாமல்லபுரம் பக்கமெல்லாம் புதுநகர்த் திட்டம் என்கிறார்கள். இது எந்த நிலம்? திரமென்ஹீர் நடந்து பார்த்து எழுதினாரே, அதே செங்கல்பட்டுச் சீமை. பஞ்சமி நிலம் இருக்கிற நிலம். நம் ஊர்ச்சேரியின் நத்தமும், மேய்ச்சல் தரையும், சுடுகாட்டுப் பாதையும் இருக்கிற நிலம். ஒரு பஞ்சமி சர்வே எண்ணின் மேல் 'தொழிற்சாலைப் பகுதி' என்று நிறம் விழுந்துவிட்டால், நாளைக்கு மீட்கப் போகிறவனிடம் என்ன சொல்வார்கள்? 'இது விவசாய நிலமே இல்லப்பா, மாஸ்டர் பிளான்ல மாறிப் போச்சு.' பஞ்சமி நிலத்தை இனிமேல் அடியாள் வந்து பறிக்க வேண்டியதில்லை. கலர் பென்சிலே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்கேற்பு என்று வந்தால் நம் தெருவில் யார் பங்கேற்கிறார்கள்? கொடிக்கம்பத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காருகிற நாலு ஆம்பளைங்க. தண்ணிக்குக் காத்து நிற்கிற பொம்பளைக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. வாடகைக்கு இருக்கிறவனுக்கு இல்லை. நம்மிலும் கடைசியில் வைக்கப்பட்ட அருந்ததியர் வீட்டுக்கு இல்லை. திருநங்கைக்கு இல்லை. கணக்கெடுக்க வருகிற அதிகாரிக்கு இது ரொம்ப வசதி. தலைவர் ஒருத்தரைப் பிடித்தால் போதும், 'மக்கள் சம்மதம்' கிடைத்துவிடும். டோக்கன் வாங்கிக் கொடுத்த அண்ணனே வீட்டுக்கு இவ்வளவு என்று கை நீட்டியதை நாம் பார்க்கவில்லையா? நம் வீட்டுக்குள் சனநாயகம் இல்லாமல் நகரத்திடம் சனநாயகம் கேட்க முடியாது.

என்ன கேட்பது, என்ன செய்வது

2026 முதல் 2046 வரைக்குமானது மூன்றாவது முழுமைத் திட்டம். இருபது வருசம். இன்றைக்குப் பத்தாவது படிக்கிற பிள்ளைக்குக் கல்யாணமாகி அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் இந்த நிறம்தான். எனவே நாம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம்.

முதலாவது, கருத்துக் கேட்பதற்கு முன்னால் எங்களை வரைபடத்தில் வை. சனம் வாழ்கிற ஒவ்வொரு குடியிருப்பும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடியிருப்பு என்றே குறிக்கப்பட வேண்டும். 1985இல் நின்று போன அறிவிப்பை மறுபடி தொடங்கு. ஆற்றுக்கு இடம் வேண்டும் என்றால் இரு கரையையும் ஒரே டேப்பால் அள. எதிர்க்கரையின் அடுக்குமாடியையும் சேர்த்து அள.

இரண்டாவது, ஆட்சேபணையைத் தெருவில் வந்து கேள். தமிழில் கேள். வாயால் சொன்னதை எழுதிக்கொள். சொன்னதை ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எழுதிக் கொடு.

மூன்றாவது, ஏரியா சபை. 2022இல் விதிகள் வந்து, அந்த நவம்பரிலிருந்து கூட்டம் நடக்கத் தொடங்கியது. தெருவிளக்கும் சாக்கடையும் பேசலாம். நிலத்தைப் பேச அதிகாரமில்லை. பகுதிப் பிரதிநிதியும் நம் ஓட்டில் வருவதில்லை, நியமனம்தான். அந்தச் சபையின் தீர்மானம் இல்லாமல் ஒரு வீட்டையும் இடிக்கக் கூடாது, நில உபயோகத்தை மாற்றக் கூடாது என்று சட்டம் வேண்டும்.

நான்காவது, பஞ்சமி நிலம், சேரி நத்தம், நம் சுடுகாடு, அதற்குப் போகிற பாதை - எல்லாம் திட்ட வரைபடத்தில் தனி நிறத்தில் வேண்டும். அதன் மேல் வேறு நிறம் பூச எவனுக்கும் உரிமை கிடையாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. கல்லூரியில் பூக்கோவைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறீர்கள், வாசியுங்கள். அதோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் குடியிருப்புக்குப் போங்கள். எத்தனை வீடு, எத்தனை குழாய், எந்த வருசத்திலிருந்து ரேஷன் கார்டு, யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதுங்கள். பொம்பளைங்களிடம் முதலில் கேளுங்கள். 2005இன் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் சர்வே எண் என்ன வகையில் இருக்கிறது என்று மனுப் போடுங்கள். ஆட்சேபணை எழுதினால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த ரசீதுதான் நாளைக்குக் கோர்ட்டில் 'இவன் இங்கே இருந்தான்' என்பதற்குச் சாட்சி. இது புரட்சி இல்லை, குமாஸ்தா வேலை என்று சில தோழர்கள் சிரிக்கலாம். நம்மை நகரத்தை விட்டுத் துரத்தியதும் குமாஸ்தா வேலைதான்.

அந்தக் கால்வாய்க் கரையில் இப்போது பிள்ளைகள் தாங்களே ஒரு படம் வரைகிறார்கள். 112 வீடு எண்ணியாயிற்று. இரண்டு பொதுக் குழாய், ஒரு அங்கன்வாடி, ஒரு மாதா கோயில், ஒரு அம்மன் கோயில், அம்பேத்கர் படிப்பகம் என்று கட்டி முடிக்காத ஒரு சுவர். ஆயா வீட்டை எட்டாம் எண்ணாகக் குறித்திருக்கிறார்கள். மஞ்சள் பென்சில் தீர்ந்து போய் இன்னொன்று வாங்கிக் கொடுத்தோம். அடுத்த ஏரியா சபையில் அதை விரித்து வைக்கப் போகிறார்கள். தோழர்கள் வந்து கூட நிற்க வேண்டும்.